நீதி ஆசனத்தில் அமர்ந்த ஒரு கிறிஸ்தவர்: மாயூரம் வேதநாயகம் பிள்ளை



யூபிலி மலருக்கு ஒரு புனிதரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். புனித அந்தோணியார், புனித சவேரியார், புனித செபஸ்தியார் ஆகியோரின் வரலாறுகளை ஆண்டுதோறும் நவநாள் பிரசங்கங்களில் நீங்கள் கேட்டு வருகிறீர்கள். ஆகவே இம்முறை, பீடத்தில் சுரூபம் இல்லாத ஒருவரைப்பற்றி எழுதத் துணிந்தோம். அவர் குருவுமல்லர், துறவியுமல்லர். மனைவி மக்களோடு வாழ்ந்தவர். மாதச் சம்பளம் வாங்கியவர். தினமும் கச்சேரிக்குப் போய் வந்தவர். அவர்தாம் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை.

2022ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் நம் தமிழ் மண்ணின் இல்லறத்தாராகிய தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டதைக் கண்டு மகிழ்ந்தோம். அவர் விசுவாசத்திற்காக ஒரே முறையில் தம் உயிரைக் கொடுத்தார். வேதநாயகம் பிள்ளையை யாரும் விலங்கிடவில்லை, யாரும் சுடவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் சில்லறை சில்லறையாகத் தம் ஆத்துமத்தை விற்றுவிடக்கூடிய ஓர் இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார், விற்கவில்லை. நம்மில் பெரும்பாலோருக்கு வாய்க்கும் வேதசாட்சியம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததே.

பிறப்பும் வளர்ப்பும்

வேதநாயகம் பிள்ளை 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை, தாயார் ஆரோக்கிய மரியம்மாள். கத்தோலிக்கக் குடும்பம். எழுத்தும் எண்ணும் வீட்டிலேயே தொடங்கின. பின்னர் திருச்சி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்த தியாகப் பிள்ளை என்பவரிடம் ஆங்கிலமும் தமிழும் கற்றார். படிப்பு முடிந்ததும் அதே நீதிமன்றத்தில் ஆவணங்களைக் காக்கும் வேலை கிடைத்தது. அதன்பின் மொழிபெயர்ப்பாளரானார்.

ஆவணக் காப்பாளர் வேலை சிறிய வேலைதானே என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு பத்திரம் காணாமற்போனால் ஒரு குடும்பத்தின் நிலம் போயிற்று. ஒரு காகிதத்தைக் கட்டின் அடியிலிருந்து மேலே எடுத்து வைத்தால் ஒரு வழக்கு முந்திக்கொள்ளும். மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லை மாற்றினால் வெள்ளைக்கார நீதிபதிக்கு உண்மை எட்டாது. எனவே அதிகாரம் சிறிதாயிருந்த காலத்திலேயே சோதனை பெரிதாயிருந்தது. சிறியவற்றில் நேர்மையாயிராதவன் பெரியவற்றில் நேர்மையாயிரான் என்பது நம் ஆண்டவரின் போதனையன்றோ! வேதநாயகர் அந்தச் சிறிய நாற்காலியில் பழகிக்கொண்டதைத்தான் பின்னர் பெரிய நாற்காலியில் காத்தார்.

அக்காலத்துக் கச்சேரிகளின் நிலையையும் ஒருவாறு சொல்ல வேண்டும். சென்னை இராஜதானியில் வரி வசூலிக்கும் சிப்பந்திகள் குடியானவர்களை வதைத்துப் பணம் பறிக்கிறார்கள் என்ற புகாரை விசாரிக்க அரசாங்கமே ஒரு குழுவை அமைத்தது. புகார் மெய்யே என்று அக்குழு 1855ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. கைக்கூலி கொடுப்பது அன்றைய மக்களுக்கு மழை, வெயில் போல வாழ்க்கையின் ஓர் அங்கமாகிவிட்டது. அப்படிப்பட்ட காலத்தில்தான் நம் வேதநாயகர் முன்சீப் பரீட்சையில் தேறி நீதி ஆசனம் ஏறினார்.

நம் எல்லைக்கு அப்பால்

1857ஆம் ஆண்டு அவருக்கு முதன்முதல் கிடைத்த இடம் தரங்கம்பாடி. நம் காரைக்காலிலிருந்து வடக்கே கடற்கரையோரம் சென்றால் எட்டிவிடும் ஊர். 1845ஆம் ஆண்டு வரை டேனிஷ்காரர் வசமிருந்து, பின் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிய துறைமுகம். நம் காரைக்கால் அப்போது பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. இடையில் ஒரு எல்லைக்கோடு இருந்ததேயன்றி, உறவுக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் எல்லை ஏது? அவர் முதன்முதல் மணந்த பாப்பம்மாள் நம் காரைக்காலைச் சேர்ந்தவர் என்று அவரது வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். ஆகவே அவர் நமக்கு அயலாரல்லர். இவ்வூர் மருமகன் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

தரங்கம்பாடிக்குப்பின் சீர்காழியிலும், அதன்பின் மாயூரத்திலும் முன்சீப்பாக இருந்தார். மாயூரத்தில் மட்டும் பதின்மூன்று ஆண்டுகள் பணி. மாயூரம் முன்சீப் என்பதே அவருக்குப் பெயராக நிலைத்துவிட்டது. அவ்வூருக்கு 1982ஆம் ஆண்டில் மயிலாடுதுறை என்று பெயர் மாறிய பின்னும் அவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளையாகவே இருக்கிறார்.

முன்சீப் நீதிமன்றத்துக்கு வருவன கொலை வழக்குகளல்ல. நிலத்தின் வரப்பு, வாய்க்காலின் முறைத் தண்ணீர், அடமானம், பாகப்பிரிவினை, கைமாற்றுக் கடன் முதலியன. காவிரிப் பாய்ச்சலில் வாழும் நமக்குத் தெரியும்: ஒரு முழ வரப்புக்காக அண்ணனும் தம்பியும் இரண்டு தலைமுறை பேசாமலிருப்பார்கள். வழக்குக்கு வருபவன் தோற்கக்கூடாது என்ற வெறியோடு வருகிறான். அவன் கையில் நெல்லிருக்கிறது, பணமிருக்கிறது. எதிரே இருப்பவரோ கையெழுத்தினால் நிலத்தை மாற்றக்கூடியவர்.

சோதனை எப்படி வரும் என்று நினைக்கிறீர்கள்? பணப்பையைத் தூக்கிக்கொண்டு நடுப்பகலில் வாசல் வழியாக வருவதில்லை. முதலில் ஒரு தட்டில் எலுமிச்சம்பழம் வரும். அதை மறுப்பது மரியாதைக்குறைவு. அடுத்து, தோட்டத்தில் காய்த்தது என்று ஒரு வாழைத்தார் வரும். பின்னர் வீட்டில் விசேஷம் என்று கேள்விப்பட்டதாகச் சொல்லி நெல் மூட்டை இறங்கும். எந்த இடத்தில் மரியாதை முடிந்து கைக்கூலி தொடங்கியது என்று வாங்கியவருக்கே தெரியாது. பாலைவனத்தில் சோதிப்பவன் நம் ஆண்டவருக்கு முதலில் காட்டியது உலகத்தின் இராச்சியங்களையல்ல, அப்பத்தை. அப்பம் பாவமான பொருளன்று. பசித்தவனுக்கு அது தேவை. ஆனாலும் அங்கேயே தடுக்காவிட்டால் அடுத்த சோதனையில் தடுக்க முடியாது.

எழுதியதால் கட்டுப்பட்டவர்

வேதநாயகர் இதற்கு என்ன செய்தார்? நாம் வியந்து பார்ப்பது இதைத்தான். முன்சீப்பாகி இரண்டே ஆண்டுகளில், 1859இல், நீதிநூல் என்ற செய்யுள் நூலை வெளியிட்டார். தாய் தந்தையரை வணங்குவது, பெண்மக்களைப் படிப்பிப்பது முதலிய நல்லொழுக்கங்களோடு, களவு, சூது, மது, பொய், சினம் ஆகிய குற்றங்களையும் தனித்தனி அதிகாரமாகப் பாடினார். அவற்றுள் ஒன்று கைக்கூலி. ஆசனத்தில் அமர்ந்திருக்கும் நீதிபதியே தம் பெயரைப் போட்டுக் கைக்கூலியைக் கண்டித்து அச்சிட்டார்.

இதிலுள்ள விவேகத்தைக் கவனியுங்கள். ஒருவன் மனத்துக்குள் மட்டும் ஒரு தீர்மானம் எடுத்தால், மனத்துக்குள்ளேயே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள இடமுண்டு. ஊரறியச் சொல்லிவிட்டால் திரும்பும் வழியை அடைத்துவிடுகிறான். அந்த நூல் வெளிவந்தபின் அவரிடம் ஒரு நாணயத்தை நீட்ட வந்த வழக்காளி, அவருடைய பாட்டையே அவர் முகத்தெதிரே நீட்டியவனாவான். அவர் தவறியிருந்தால் மாயூரத்துத் திண்ணைகளெல்லாம் நகைத்திருக்கும். தம் பலவீனத்தை அறிந்தவரே இப்படித் தமக்குத்தாமே வேலி போடுவார். சோதனைக்கு உட்படுத்தாதிருக்கும்படி நம் பரம பிதாவைத் தினமும் மன்றாடுகிறோமே, அம்மன்றாட்டில் நம் பங்குக்குச் செய்ய வேண்டிய வேலையும் உண்டு. அது வேலி போடும் வேலை.

ஏழை வழக்காளிக்குச் சட்டம் புரியாதிருப்பதே கைக்கூலிக்கு வாசல் திறக்கிறது என்பதையும் அவர் கண்டார். தனக்கு என்ன உரிமையுண்டு என்று தெரியாதவன், தெரிந்ததாகச் சொல்லும் எவனுக்கும் பணம் கொடுப்பான். ஆகவே 1805ஆம் ஆண்டு முதல் 1861ஆம் ஆண்டு வரை உயர்ந்த நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கி, சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் வெளியிட்டார். நீதி வழங்கும் மொழி வழக்காளியின் மொழியாயிருக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். 1879இல் அச்சேறிய பிரதாப முதலியார் சரித்திரத்திலும் இதை எடுத்து வாதாடியிருக்கிறார். தமிழின் முதல் நாவல் என்று அதை இலக்கியவாணர் போற்றுவர். நாம் அதில் ஒரு நேர்மையான நீதிபதியின் மனக்குறையையும் கேட்கிறோம்.

வீட்டுக்குள் வந்த துன்பம்

நேர்மையாய் வாழ்கிறவன் வீட்டில் துன்பமே வராது என்று நம்மில் சிலர் எண்ணுகிறோம். வேதநாயகர் மனைவியரை ஒருவர்பின் ஒருவராக இழந்தவர். தாயில்லாப் பிள்ளைகளைப் பார்த்து அழுத தகப்பன். இத்தகைய வேளையில் கடவுளோடு வழக்காடி, இனி எதற்கு நேர்மை என்று விட்டுவிடுவதும் ஒரு சோதனைதான். கைக்கூலியைவிட ஆழமான சோதனை. அவர் விடவில்லை. தேவமாதா அந்தாதி, திருவருள் மாலை முதலிய பக்தி நூல்களைப் பாடினார். மனைவியின் அருமையை இழந்து அறிந்த அவரே பெண்மதி மாலை எழுதிப் பெண்கல்விக்காக வாதாடினார்.

வேறு சமயத்தாரோடு அவர் பழகிய விதத்தையும் சொல்லாமல் விடமுடியாது. சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய உயிர்த்தோழர். வேதநாயகரைத் தலைவராக வைத்துக் குளத்துக்கோவை என்ற நூலையே அவர் பாடினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும் வேதநாயகரும் ஒருவரையொருவர் மதித்துப் பழகினர். 1878இல் வெளியான அவருடைய கீர்த்தனைகளின் தொகுதிக்குச் சர்வசமய சமரசக் கீர்த்தனைகள் என்று பெயர். அவற்றை எச்சமயத்தவரும் பாடலாம்; இன்றும் கச்சேரி மேடைகளில் பாடுகிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பிற சமயத்தாரைப்பற்றி நமக்குக் கற்றுக்கொடுத்ததை, அவர் தம் வாழ்வில் முன்னமே கடைப்பிடித்தார். அதனால் தம் விசுவாசத்தைத் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்தாருமில்லை.

பஞ்சம் வந்தபோது

பதவியிலிருந்து விலகியபின் அவருக்கு வேறொரு பரீட்சை காத்திருந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சம். நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இலட்சக்கணக்கானோர் மாண்டனர். பிழைக்க வழியின்றிக் கப்பலேறியவர் பலர். அக்காலத்தில் நம் காரைக்கால் துறையிலிருந்தே ரெயூனியன், மர்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாக நம்மவர் ஏற்றப்பட்டனர்.

ஓய்வுபெற்ற ஓர் அதிகாரிக்கு அப்போது என்ன தோன்றும்? சம்பாத்தியம் நின்றுவிட்டது, வயதும் ஏறுகிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், சேர்த்ததைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று தோன்றும். அது பாவமான எண்ணமுமல்ல. நெல் வைத்திருந்தவர்களுக்கோ விலை ஏறும்வரை களஞ்சியத்தைப் பூட்டி வைக்கத் தோன்றும். வேதநாயகர் மாயூரத்தில் கஞ்சித் தொட்டி திறந்தார். சாதி, சமயம் பாராமல் பசித்து வந்தவர்களுக்கெல்லாம் தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார். பஞ்சம் நீங்கும்படி இறைவனை நோக்கிக் கீர்த்தனைகளும் பாடினார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இவருடைய கொடையைக் கண்டு மனமுருகி, இவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனையே இயற்றினார். சிவபக்தரான ஒரு பெரியவர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர் ஒருவரைப் பாடினார் என்றால், கஞ்சித் தொட்டியின் அருகே அவர் கண்டது என்ன என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு தொடர்பைக் காண்கிறோம். ஆசனத்தில் இருந்தபோது பிறருடைய பணத்தை வாங்காமல் கையை மூடி வைத்திருந்தவர், பஞ்சத்தில் தம்முடைய பணத்தைக் கொடுக்கக் கையைத் திறந்தார். மூட வேண்டிய இடத்தில் மூடப் பழகியவனுக்குத்தான் திறக்க வேண்டிய இடத்தில் திறக்க வருகிறது. வாங்கிப் பழகிய கை கொடுப்பதற்கு விரியாது.

1887இல் சுகுணசுந்தரி என்ற தம் இரண்டாவது நாவலை வெளியிட்டார். 1889ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21ஆம் நாள் ஆண்டவரில் நித்திரையடைந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு.

நமக்குரிய பாடம்

இனி நம் காலத்துக்கும் நம் ஊருக்கும் வருவோம்.

நம்மில் நீதிபதிகள் குறைவு. ஆனால் தராசு பிடிக்கும் வியாபாரி உண்டு. பட்டியலில் பெயரெழுதும் எழுத்தர் உண்டு. ஐஸ்பெட்டியில் மீனை எடைபோட்டு எடுப்பவர் உண்டு. பெண்ணுக்கு எத்தனை பவுன் என்று கேட்கும் மாமியார் உண்டு. இவர்கள் ஒவ்வொருவரும் அந்த வேளையில் ஒரு சிறு நீதி ஆசனத்தில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

நம் ஊருக்கென்று தனியாக ஒரு சோதனையும் உண்டு. அதை மூடி மறைப்பதில் பயனில்லை. புதுச்சேரி ஆட்சிப்பகுதியில் மதுவுக்கு வரி குறைவு. எல்லையைத் தாண்டினால் விலை அதிகம். இந்த வித்தியாசத்தில் பிழைக்கலாம் என்று பாட்டில்களைக் கடத்தத் தொடங்கிய இளைஞர்களை நாம் அறிவோம். முதல் முறை ஒரு பையில் நாலு பாட்டில், நண்பனுக்காக என்பார்கள். அந்த எலுமிச்சம்பழம் எங்கே போய் முடிகிறது என்பதை நீதிமன்ற வாசலில் காத்து நிற்கும் தாய்மார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பிறரைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விடுவது அழகல்ல. யூபிலிக்காகக் கோவில் கூரையைப் பழுதுபார்க்க நிதி திரட்டியபோது, ஓர் அன்பர் நம் அறைக்கு வந்து பெருந்தொகை ஒன்றைத் தர முன்வந்தார். மாதாவுக்கு நேர்ந்துகொண்டது என்றார். கல்வெட்டில் தந்தையாரின் பெயரை மட்டும் போட்டால் போதும் என்றார். அந்தப் பணம் எல்லை தாண்டிப் போகும் பாட்டில்களிலிருந்து வருகிறது என்பது ஊரறிந்த செய்தி. அவரை நாம் அன்றே மறுக்கவில்லை. ஒரு வாரம் யோசித்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். மழைக்காலம் நெருங்கியது; பீடத்தின் இடப்புறம் ஒழுகிக்கொண்டிருந்தது. பங்குப் பேரவையில் இரு கருத்து. கோவிலுக்குத்தானே, நமக்கா என்றார் ஒருவர். பாவப் பணம் கோவிலுக்கு வந்தால் பரிசுத்தமாகிவிடும் என்றார் இன்னொருவர். நம் உள்ளமும் அவர்கள் பக்கமே சாய்ந்தது என்பதுதான் உண்மை.

அந்த வாரத்தில்தான் நீதிநூலை மீண்டும் எடுத்துப் படித்தோம். கோவிலின் பெயரால் வந்தாலும் எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழமே என்று அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெயரைக் கல்லில் வெட்டிவிட்டு, அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் எந்த முகத்தோடு நம் இளைஞர்களைத் திருத்துவது? அன்பரைத் தனியே அழைத்து, மனம் நோகாதபடி மறுத்தோம். சக்கேயு ஆண்டவரை வீட்டில் வரவேற்றபோது கோவிலுக்கு நன்கொடை தரவில்லை, தான் ஏமாற்றியவர்களுக்கு நாலு மடங்கு திருப்பித் தந்தான் என்பதையும் நினைவூட்டினோம். அவர் கோபித்துக்கொண்டு போனார். இன்னும் பூசைக்கு வரவில்லை. அவருக்காகத் தினமும் செபிக்கிறோம்; நீங்களும் செபியுங்கள். கூரை அந்த மழைக்கு ஒழுகத்தான் செய்தது. வாளி வைத்துப் பூசை வைத்தோம். அடுத்த கோடையில் உங்கள் உண்டியல் காசும், கைம்பெண்கள் கொண்டுவந்து வைத்த சிறு காணிக்கையும் சேர்ந்து ஓடுகளை மாற்றின. அங்கே கல்வெட்டு எதுவும் வைக்கவில்லை.

இதைப் பெருமைக்காக எழுதவில்லை. சோதனை குருவானவரின் அறைக்கும் வரும், அதுவும் மாதாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் என்பதை நீங்கள் அறியவே எழுதினோம். தவறிவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். பாவசங்கீர்த்தனத் தொட்டி திறந்தே இருக்கிறது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முடிந்தவர்கள் கொடுங்கள். முடியாதவர்கள் இன்றுமுதல் நிறுத்துங்கள். இன்னும் தவறாதவர்கள் வேதநாயகரைப் போல வேலி போட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் தீர்மானத்தை மனைவியிடம், கணவரிடம், வளர்ந்த பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அவர்கள் கண்ணே உங்களைக் காக்கும்.

அடுத்த முறை மயிலாடுதுறைக்குப் பேருந்தில் போகும்போது, இந்த ஊரில் ஒரு கிறிஸ்தவர் பதின்மூன்று ஆண்டுகள் நீதி ஆசனத்தில் அமர்ந்தும் கறைபடாமல் இறங்கினார் என்பதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவருக்குக் கிடைத்த அதே வரப்பிரசாதம் நமக்கும் உண்டு. அவர் அந்தாதி பாடிய அதே தேவமாதா நமக்கும் தாய். அவ்வன்னையின் பரிந்துரையால் நம் பங்கு மக்கள் ஒவ்வொருவரும் தத்தம் சிறிய ஆசனத்தில் நேர்மையாய் அமர்ந்து, ஒருநாள் மெய்யான நீதிபதியின் முன்னே அச்சமின்றி நிற்கும் பேறு பெற வேண்டுமென்று இந்த யூபிலி நன்னாளில் இறைவனை இறைஞ்சுகிறோம்.

உங்கள் பங்குத் தந்தை